அல்ஜீப்ராவுக்கு மிஞ்சினவள்

விழுப்புரத்தில் பள்ளிக்கூடங்களைக் கவனிக்கும் ஆபீஸ் ஒன்றில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அறுபதுகளில் ஒரு நாள், கணக்கு டீச்சராக வேலைக்குச் சேரும் ஆர்டரை வாங்க ஒரு பெண் வந்தாள். ஹெட் கிளார்க் எழுந்து, "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அத்தனை வருஷமாக அவருக்கு டைப் அடித்துக் கொடுத்தும், என்னை ஒரு நாளும் அப்படி உபசரித்ததில்லை. நிமிர்ந்து பார்த்தால், சரோஜா! திண்டிவனத்தில் என்னோடு படித்தவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

1. மிஷின் சீட்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், பிரிவு பிரிப்பார்கள். இந்தக் காலத்தில் பிளஸ் ஒன் குரூப் எடுக்கிற மாதிரி. செக்ரட்டேரியல் பிரிவு என்றால் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட். கணக்கில் ஜெனரல் மேத்ஸ் மட்டும். செக்ரட்டேரியல் கிடைக்காதவர்களுக்கு அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி எல்லாம் சேர்ந்த காம்போசிட் மேத்ஸ். டைப் மிஷின் கொஞ்சம்தான் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு வேலை என்று ஊரே அதற்கு அடித்துக்கொண்டது. அதனால் நிறைய மார்க் வாங்கினவர்களை முதலில் மிஷினுக்கு எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சினவர்கள் அல்ஜீப்ரா.

கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். என்ன அநியாயம் பாருங்கள், அந்தக் கணக்கு மார்க்கே என்னைக் கணக்கிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டது. அப்பா வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். அவரிடம் போய், "எனக்கு அல்ஜீப்ராதான்பா வேணும்" என்றேன்.

"பேஜாரு பண்ணாத. அவனவன் சீட்டு கிடைக்கலன்னு அழுதுக்கினு இருக்கான், உனக்குத் தேடி வந்துக்கினு இருக்குது."

அப்படி அழுதவர்களில் ஒருத்தி சரோஜா. கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவள். அன்றைக்குப் பஸ் ஏறும் வரை மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்தது.

2. காலேஜில் சொன்ன பதில்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் எனக்கு வேலை உடனே கிடைத்தது. வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. சரோஜாவுக்கு வேலை கிடைக்கவில்லை, சும்மா இருப்பானேன் என்று காலேஜில் சேர்த்தார்கள். லீவில் வந்தால் கால்குலஸ் அது இது என்று வாய் ஓயாமல் பேசுவாள். எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவோடு சண்டை போட்டு, பி.யூ.சி. என்ற முதல் வருஷப் படிப்பில் சேர நானும் காலேஜுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் என் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புத்தகத்தைப் புரட்டினார்.

"மார்க் நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா ஜெனரல் மேத்ஸ். காம்போசிட் இல்லாம மேத்ஸ் குரூப் குடுக்க முடியாது."

"நானே படிச்சிக்கினு வந்து பரீட்சை எழுதறேன் சார்."

"அதெல்லாம் நாலாம் பாரத்திலேயே யோசிச்சிருக்கணும்மா."

நாலாம் பாரத்தில் எனக்குப் பதிமூன்று வயசு. என்னத்தை யோசிப்பது? குரூப் எடுக்கப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: என்ன வேலை கிடைக்கும் என்று கேளுங்கள், தப்பில்லை. நாளைக்கு மனசு மாறினால் எந்தப் படிப்புக்குப் போக முடியாது என்பதையும் கேட்டுவிடுங்கள். எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

3. என் மேஜைக்கு வந்தாள்

ஆர்டரை வாங்கிக்கொண்டு சரோஜா நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"எப்படிடி இருக்கிற? நீ சம்பளம் வாங்கறப்ப நான் பஸ் காசுக்கு அப்பா கையைப் பாத்துக்கினு நிப்பேன். உன்ன நெனச்சி எவ்ளோ வயிறு எரிஞ்சேன் தெரியுமா?"

பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளும் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள் என்று கேட்டால் ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை, இன்னும் எரிந்தது.

"அப்ப மாத்திக்கலாமா?" என்றேன். "நீ இங்க உக்காரு. நான் உன் கிளாஸுக்குப் போறேன்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் சிரிப்பு நின்றுபோனது. கையிலிருந்த ஆர்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சிடி, வர்றேன்" என்றாள்.