மாமாவின் ஜன்னலும் மந்தாரையின் தலைமுடியும்

என் அத்தை முடி வெட்டுகிறவள். வீட்டு முன்னறைதான் கடை. ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, கத்தரியோடு போட்டி போடும் வாய். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போனபோது, "தண்டச்சோறு" என்று சொல்லாமல் எனக்குச் சோறு போட்டவள் அவள் ஒருத்திதான்.

மாமா லாரி ஓட்டியவர். விபத்தில் முதுகெலும்பு போனபின் பின்னறைக் கட்டிலோடு சரி. பக்கத்திலேயே ஜன்னல். வெளியே உடைந்த வாளிகளும் முட்புதரும். அதைத் தோட்டம் என்றால் அதற்கே சிரிப்பு வரும். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேச்சும் நின்றது.

"அந்த மனுஷனை இந்தப் பக்கம் பார்க்க வைக்காம விடமாட்டேன்" என்றாள் அத்தை.

நாங்கள் புதரை வெட்டி எறிந்தோம். செடிக்கடையில் அத்தை ஒவ்வொரு கன்றின் முன்னும் குத்துக்காலிட்டு, கட்டில் உயரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தாள்.

"படுத்தபடியே பூ தெரியணும். வெளிச்சத்தை மறைக்கக் கூடாது. சுவரைப் பிளக்கக் கூடாது."

"ஏம்மா, மரம் பார்க்க வந்தீங்களா, மருமக பார்க்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

கடைசியில் ஒரு வெள்ளை மந்தாரையும் இரண்டு செம்பருத்தியும் வந்தன. நன்றாகவே வளர்ந்தன. ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? கடை ஓய்ந்த நேரமெல்லாம் அத்தை நுனிகளைச் சுற்றிச் சுற்றிச் சீராக வெட்டினாள். நான் மந்தாரைக்குத் துண்டு போர்த்தி, பின்னால் கண்ணாடி பிடித்து, "பின்பக்கம் சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டேன். அத்தை சிரித்தாள். மரங்கள் பந்துபோல உருண்டையாயின. பூ மட்டும் வரவில்லை.

மாமா ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சுவரிடம் போய்விட்டார். அன்று அத்தை கடையைச் சீக்கிரமே மூடிவிட்டாள். எனக்குக் கிண்டலும் வரவில்லை.

மறுநாள் அவள் வகிடு எடுப்பதுபோல மந்தாரையின் கிளைகளைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரே இருட்டு, காய்ந்த குச்சிகள்.

"அட லூசு! மொட்டு வர்ற நுனியை எல்லாம் நானே வெட்டித் தள்ளியிருக்கேன்டா. அடர்த்தியான தலைன்னா உள்ளேயிருந்துல்ல குறைக்கணும்?"

ஒன்றோடொன்று உரசிய கிளைகளை அடியோடு எடுத்தாள். நுனிகளைத் தொடவில்லை. கை அரித்தது அவளுக்கு. கடை ஓய்ந்ததும் கத்தரியை நான் அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தேன். தெரிந்தும் அவள் கேட்கவில்லை.

மந்தாரை பூத்தது. அதன் கீழ்க்கிளை ஒன்றை அத்தை பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"அதை விடு. இடது பக்கம் கனமாத் தொங்குது பாரு, அதை எடு."

அத்தை திரும்பவில்லை. "நாற்காலியில உட்கார்ந்துட்டா போதும், ஆளாளுக்கு நமக்கே தொழில் சொல்லித் தருவாங்க" என்றாள். கை மட்டும் இடதுபக்கக் கிளைக்கு மாறியது.

இப்போதெல்லாம் மாமா நாள் முழுக்க ஜன்னல் வழியாக என்னைத் திட்டுகிறார். தண்ணீர் ஊற்றினால் திட்டு, ஊற்றாவிட்டாலும் திட்டு. யார் செய்த புண்ணியமோ, இன்னும் நன்றாகத் திட்டட்டும் என்று வேண்டுமென்றே செம்பருத்தியை மிதிக்கப் போவதுபோல நடக்கிறேன்.