தியேட்டருக்குள் பேசியது யார்?

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். வயிற்றை வெட்டித் தைக்கிறவனுக்கு அதெல்லாம் சரிவராது. நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அறுபதுகளில் மட்டக்களப்பில் சத்திரசிகிச்சைப் பிரிவில் உதவி டொக்டராக இருந்தேன். ஒருநாள் மத்தியானம் வெல்லாவெளியிலிருந்து கந்தப்போடி என்ற விவசாயியை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். வயலில் பன்றிக்குக் கட்டிவைத்த, கயிற்றில் கால் பட்டால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கு விடியப்புறம் அவர் வயிற்றில் வெடித்திருந்தது. கட்டினவர் அவருடைய மச்சான், இரண்டு பேருக்கும் காணிச் சண்டை வேறு இருந்ததாம், அதனால் மச்சானைப் பிடித்துவைத்துவிட்டுப் பொலிஸும் கூடவே வந்து நின்றது.

ஒப்பரேஷன் தியேட்டரில் வயிற்றைத் திறந்தோம். சன்னம் என்கிற ஈயக்குண்டு குடலின் ஒரு பக்கத்தால் போனால் மறுபக்கத்தால் வெளியே வரும், ஆகவே ஓட்டைகள் சோடி சோடியாக இருக்க வேண்டும். எண்ணி எண்ணித் தைத்தோம், கடைசியில் ஒன்று சோடியில்லாமல் நின்றது.

“சன்னம் குடலுக்குள்ளயே நிண்டிருக்கும். ஆள் இனித் தாங்கமாட்டார், மூடுவம்” என்றார் பெரிய டொக்டர். ஓட்டை ஒன்றைத் தவறவிட்டால் சீழ் பிடித்துச் சாவார், தேடிக்கொண்டு நின்றால் மேசையிலேயே போய்விடுவார்.

அந்த நேரம் ஒரு குரல் கேட்டது.

“முதுகுப் பக்கம் பாருங்க.”

எல்லோர் வாயும் துணியால் மூடியிருந்தது, யார் பேசியது என்று எப்படித் தெரியும்? பெரிய டொக்டர் மறுபேச்சில்லாமல் முன்சிறுகுடலை விலக்கிப் புரட்டினார். முதுகோடு ஒட்டிக் கிடக்கிற பின்சுவரில், பித்தம் கசிந்து பச்சையாக, ஓர் ஓட்டை! அந்த இடத்தில் காயம் படுவதே அபூர்வம். தைத்தோம், உயிர் தப்பியது.

“நல்ல நேரத்தில சொன்னீர்” என்று அவர் என் தோளில் தட்டினார். சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை. நேர்சும் மயக்கம் கொடுத்தவரும்கூட, “நீங்கதானே சொன்னீங்க, டொக்டர்” என்றார்கள். மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரனாக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கோபமான கோபம், சந்தேகமான சந்தேகம்.

கந்தப்போடி கண் விழித்த பிறகு, “நோகுதா?” என்று கேட்டேன். என் குரல் கேட்டதும் அந்த மனுஷன் சுவரோடு ஒதுங்கினார். பிறகு பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரிடம் சொன்னார்.

“மச்சானை விட்டிருங்க, அவர்ல பிழையில்ல. நான் வரம்பால போகக்குள்ள பின்னுக்கிருந்து ஒரு ஆள் என்ட பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. திரும்பிப் பார்த்த நேரம்தான் கால் கயித்தில பட்டது. இந்த டொக்டர்ட குரல்தான் அது.”

வெல்லாவெளிப் பக்கம் நான் அதுவரை போனதே இல்லை. வெடி வெடித்த அன்று விடியப்புறம் மட்டக்களப்பு டவுனில், புளியந்தீவில் என் அறையில் நித்திரை. பொலிஸ்காரர் சிரித்தார், கந்தப்போடி சிரிக்கவில்லை.

“வயல் வட்டைக்குள்ள உங்களுக்கு என்ன வேலை, ஐயா?” வீட்டுக்குப் போகிற நாள்வரை என்னைக் கண்டால் இதே கேள்விதான்.

அவர் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து நான் யாரையும் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, என் மனுசியைக்கூட. சுற்றிப் போய், முன்னால் நின்று, முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன்.