மஸ்தானின் எவர்சில்வர் கம்பிகள்

என் வீட்டுக்காரர் மஸ்தானைப் போல இன்னொரு பிடிவாதக்காரரை அல்லா படைத்திருக்க மாட்டான். அரூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் கம்பிக்கறி சுட்டு விற்கிறார். கறியைக் கம்பியில் கோத்துக் கரி நெருப்பில் வாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சித்தேரி பஸ்ஸை விட்டுவிட்டுக்கூட நின்று தின்பார்கள். யார் சொன்னாலும் கேட்கமாட்டார், அதுதான் கேடு.

இரும்புக் கம்பி இருந்த காலத்தில் தொந்தரவே இல்லை. கடை முடிந்ததும் கழுவித் துடைத்து, ஆட்டுக் கொழுப்பைத் தடவித் தொங்கவிடுவார். எழுபத்து மூன்றாம் வருஷம் சேலம் போய் எவர்சில்வர் கம்பி வாங்கி வந்தார். வந்தது வினை! துருவே பிடிக்காது என்று சொல்லிக் கொழுப்பையும் நிறுத்தினார், துடைப்பதையும் நிறுத்தினார். கவிச்சி போகட்டும் என்று ராத்திரி முழுக்க உப்புத்தண்ணீர் வாளியில் ஊறப்போடுவார். காலையில் இரும்புப் பிரஷ்ஷால் வரட்டு வரட்டென்று தேய்ப்பார். கம்பியெல்லாம் செம்புள்ளி விழுந்தது.

"ஏங்க, உப்புத்தண்ணியில போடாதீங்க. கழுவின கையோட தொடச்சு, துளி எண்ண தடவி வைங்க" என்றேன்.

"எண்ண தடவினா துரு புடிக்குதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? அது துரு இல்ல புள்ள, மசாலாக் கறை."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஒருநாள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து ஒரு கம்பியை உருவிப் பார்த்தார். "அடுத்த வாரம் இதே கிழமை வருவேன். ஒரு கம்பியில துரு இருந்தாலும் இந்த வண்டி இங்க நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு நிலமா, நீச்சா? அந்த வண்டி போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஏது? இந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா? இன்னும் முரட்டுப் பிரஷ் வாங்கி வந்தார்!

இன்ஸ்பெக்டர் வரவேண்டிய நாள் காலை, என் மனுசன் கறி வாங்கப் போன நேரம் பார்த்து, வாளியிலிருந்த கம்பிகளை அள்ளினேன். புளி போட்டுத் துரு போகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் இல்லாமல் துடைத்து, கடலை எண்ணெய் தடவினேன். பிசுக்குத் தெரியாமல் வழித்து எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். நான் போய்ச் சேரவும், என் மனுசன் கறியோடு வரவும், இன்ஸ்பெக்டர் வரவும் சரியாக இருந்தது.

ஒவ்வொரு கம்பியாகத் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. "பரவாயில்லையே! என்ன பண்ணீங்க பாய்?"

"நான் என்னத்தங்க பண்றது? எவர்சில்வருக்கு என்னைக்குங்க துரு புடிச்சிருக்கு? ராத்திரி உப்புத்தண்ணியில போட்டு வைப்பேன், அவ்ளோதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் வண்டி போய்விடும். முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப அப்படியே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.

கடை முடிந்ததும் என் மனுசன் அத்தனை கம்பியையும் வாளியில் போட்டு, ஒரு கை உப்பைக் கூடவே அள்ளிப் போட்டார். "கேட்டியா புள்ள? சர்க்காரே சொல்லியாச்சு."

அடப்பாவி மனுசா! வாளியை அப்படியே தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. அன்றிலிருந்து அவர் ஊறப்போட, அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் நான் எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவி, அவர் விழிக்கிற நேரத்துக்கு வாளியிலேயே திரும்பப் போடுகிறேன். ஊரெல்லாம் அவர் கம்பியைப் பற்றித்தான் பேச்சு. நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் மஸ்தானின் எவர்சில்வருக்குத் துரு பிடிக்காது.