வாசல் இல்லாத சமாதி

என் அண்ணன் போட்டோ ஸ்டூடியோக்களுக்குப் பின்திரை வரைகிறவர். அருவி, மாடிப்படி, பூந்தோட்டம், எது கேட்டாலும் துணியில் வரைந்து கொடுப்பார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது முகலாய ராஜா காலத்துச் சமாதி ஒன்றுதான். உருண்டைக் கூரை, நாலு மூலையிலும் தூபி, சுவரெல்லாம் பளிங்கில் பதித்தமாதிரி பூங்கொடி. இதழுக்கு இதழ் நிறம் மாறும். புதுசாகக் கல்யாணமானவர்கள் அதன் முன்னால் நிற்கத்தான் ஆசைப்படுவார்கள்.

நடுவில் ஆள் உயரத்துக்கு மட்டும் ஒன்றும் வரையமாட்டார். அங்கேதான் ஜோடி நிற்கும், பின்னால் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்பார். அதனால் அந்தச் சமாதிக்கு வாசலே கிடையாது.

அண்ணி என்னைவிட வயதில் சின்னவள், வாய்த்துடுக்கு. “ஊர்ல இருக்கிற ஜோடியை எல்லாம் சமாதி முன்னால நிறுத்திச் சிரிக்கச் சொல்றீங்க. என்னை ஒரு நாளாவது கூப்பிட்டீங்களா?” என்று குத்திக் காட்டுவாள். அண்ணன் அடுத்த மாசம் என்பார். இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை.

அண்ணிக்கு வயிற்றில் கட்டி வந்தது. இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். துணைக்கு நான் போனேன். ஒருநாள் காலை கஞ்சியைத் தள்ளிவிட்டு, இன்றைக்கே அந்தப் படத்தை எடுத்துவிடலாம் என்றாள். அண்ணன் ஓடிப்போய் ஸ்டூடியோக்காரரையும் திரையையும் கொண்டுவந்தார். கட்டிலை ஒதுக்கி, சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். அண்ணிக்குத் தலை வாரி, நல்ல புடவை சுற்றி, நாற்காலியில் உட்காரவைத்தேன். நிற்கத்தான் முடியாதே.

ஸ்டூடியோக்காரர் கேமராவில் பார்த்தார். தலைக்குமேல் வெறும் துணி தெரிகிறது, பரவாயில்லை என்றார். அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. பெயின்ட் டப்பாவைத் திறந்தார்.

“விடுங்க. வந்து பக்கத்துல நில்லுங்க,” என்றாள் அண்ணி.

“உன் படத்துல குறை இருக்கக்கூடாதும்மா. இதோ ஆச்சு.”

அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே வளைவு போட்டார், கதவு போட்டார், கதவிலும் பூ போட ஆரம்பித்தார். ஸ்டூடியோக்காரர் பீடி பிடிக்க வெளியே போனார். நான் டீ போட உள்ளே போனேன். “ஆச்சா?” என்று அண்ணி கேட்பது அடுப்படிவரை கேட்டது. மறுபடியும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

டீயோடு வந்தபோது அவள் தலை தோளில் சாய்ந்திருந்தது. கண் கேமராவைப் பார்த்தபடியே இருந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆண்டவன் பேரைச் சொன்னேன். அண்ணன் திரும்பவில்லை.

“ஒரே ஒரு இதழ்தான் பாக்கி. அவளை அசையாம இருக்கச் சொல்லு,” என்றார்.

அண்ணன் அதற்கப்புறம் படம் வரையவில்லை. இரும்புக் கேட்டுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார். அண்ணிக்காகத் தினமும் விளக்கு வைத்துக் கும்பிடுகிறேன், அவருக்கும் சேர்த்துத்தான். திரை ஸ்டூடியோவில்தான் தொங்குகிறது. வருகிற ஜோடிகள் அந்தக் கதவை மறைத்துக்கொண்டு நின்று சிரிக்கிறார்கள்.