நான்கு ஜன்னல்களின் உயரம்

சின்னவளுக்கு முப்பத்திரண்டு வயது. மூத்தவள் ஒருத்தி இருப்பதால் வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அக்காவின் கணவர் நடத்தும் திரைச்சீலைக் கடையின் பின்னறையில் மூலையோரத் தையல் மெஷின் அவளுடையது. அவள் அடித்த விளிம்பு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும்.

ஆறு வயதில் அவளுக்கு இரத்தப் புற்றுநோய். மூன்று வருஷம் மருந்து. முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள், தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். முடி கொத்துக் கொத்தாகப் போனது, திரும்ப வந்தது. பிள்ளை பிழைத்தாள். "செத்துப் பிழைச்சவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா மாய்ந்து மாய்ந்து சொன்னாள். அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறவில்லை. கரும்பலகையைப் பார்த்துவிட்டுக் குனிந்தால், நோட்டுக்கு வருவதற்குள் பாதி போய்விடும். மற்றப் பிள்ளைகள் புத்தகத்தை மூடும்போது இவள் தேதி எழுதிக்கொண்டிருப்பாள். செல்லம் கொடுத்துக் கெடுத்தாயிற்று என்றார்கள். சோம்பேறி என்றார்கள். சோம்பேறி ஞாயிற்றுக்கிழமையும் போய் மெஷினில் உட்காருவாளா? யார் கேட்டார்கள்! அவளும் மறுத்துப் பேசவில்லை. தன்னைப் பற்றிய பேச்செல்லாம் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி காதில் விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

போன மாதம், வீடுகளுக்குப் போய் ஜன்னல் அளவெடுக்கும்போது கூட வருகிற ஆள் வேலையை விட்டுப் போனார். மாமா, அக்கா கணவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், அவளை அழைத்துப் போனார். புது வீடு, பதினோரு ஜன்னல். அவர் ஏணியில் நின்று டேப்பைப் பிடித்துச் சொல்வார், இவள் கீழே நின்று எழுத வேண்டும்.

"அகலம் நாப்பத்தெட்டு, உயரம் எண்பத்தி நாலரை. எழுதிட்டியா? அடுத்தது வா."

அகலத்தை எழுதுவதற்குள் உயரம் போய்விட்டது. "என்ன மாமா?" என்றாள். சொன்னார். அடுத்த ஜன்னலிலும் கேட்டாள்.

"காதுல பஞ்சு வச்சிருக்கியா?" என்று சிரித்தார். வீட்டுக்கார அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு சின்னவள் கேட்கவில்லை. உயரம் காதில் நிற்காமல் போன இடங்களில் மேல் வரியில் இருந்த உயரத்தையே எழுதினாள். நான்கு இடம். அந்த வீட்டு ஜன்னல்களோ ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

மாட்டியபோது நான்கு திரைகள் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கின. மாமா கத்தவில்லை. தான் சொன்ன அளவு சரி, தைத்ததில்தான் தப்பு என்று அவர் எண்ணம். அன்று சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னார்: "இனிமே அவ தைக்கிற ஒவ்வொண்ணையும் நான் அளந்து பாக்க முடியுமா? வீட்டுலயே இருக்கட்டும், பாவம்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். சின்னவள் தட்டைப் பார்த்தாள்.

அந்த வாரம் வருஷாந்தரப் பரிசோதனை, அம்மாவும் கூட வந்திருந்தாள். புது டாக்டரம்மா இரத்தம் பார்த்ததோடு விடவில்லை. "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டார். போகப்போகிறது என்றாள். டாக்டரம்மா எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார், படங்களை வரிசையாக அடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

"உங்களுக்குப் புத்தி குறைவு இல்ல, சோம்பலும் இல்ல. சின்ன வயசுல குடுத்த சிகிச்சை, காதுல கேட்டதை, கண்ணால பாத்ததைப் பிடிச்சு வச்சுக்கிற வேகத்தைக் குறைச்சிருக்கு. பிழைச்சு வந்த பல பேருக்கு இப்படி இருக்கு. ஒண்ணொண்ணா வந்தா உங்களால முடியும். வேலை குடுக்கிறவர்கிட்ட சொல்லுங்க."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "அந்த மருந்தைக் குத்தம் சொல்லாதீங்க டாக்டர். அது இல்லேன்னா இவ இல்ல."

"அதுவும் உண்மைதாம்மா."

அழுவாள் என்று இருவரும் அவளைப் பார்த்தார்கள். அழுகை வரவில்லை. ஆறுதலும் வரவில்லை. மேசையில் கிடந்த படங்களைத் தட்டி ஓரம் சேர்த்து வைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சொன்னாள்: "இதையெல்லாம் வெளியில சொல்லிட்டுத் திரியாதே. போன நோய் போனதாவே இருக்கட்டும்."

"மாமாகிட்ட சொல்லணும்மா."

"என்னத்தச் சொல்லுவ?"

"நாலு உயரத்தை நானா எழுதினேன்னு."

அதுவரை அது யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் கடைக்குப் போனாள். அவள் மெஷினைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மாமா துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"தைச்சதுல தப்பு இல்ல மாமா, எழுதினதுலதான். காதுல நிக்கல. நானா எழுதிட்டேன்." டாக்டரம்மா சொன்னதில் பாதிதான் நினைவில் இருந்தது. மீதிக்கு அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினாள்.

அவர் நின்றபடியே படித்தார். "இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே?"

"ரெண்டு தடவை கேட்டேனே மாமா."

கத்தரியை மேசையில் வைத்தார். நான்கு ஜன்னலையும் எப்படியும் மறுபடி அளந்தாக வேண்டும். "வா," என்றார்.

"அகலம் அம்பத்திரண்டு," என்று ஏணியிலிருந்து சொல்லி நிறுத்தினார்.

"அம்பத்திரண்டு."

"ம். உயரம் எண்பத்தொம்பது."

"எண்பத்தொம்பது."

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன, பள்ளிக்கூடம் நடக்குதா?"

"ஆமாம்மா, எனக்குத்தான் பாடம்," என்றார் மாமா. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

நான்கு ஜன்னலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இறங்கி வந்து சீட்டை ஒருமுறை பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"அளவெடுக்க வேற ஆளைப் பாத்துக்கறேன். இவ்வளவு நேரம் எனக்குத் தாங்காது. நீ நாளையிலேருந்து மெஷினுக்கு வந்துடு."

"சரி மாமா."

சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் நின்று பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. ஏணியின் பின்முனையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் படியிறங்கினாள்.