கிளைக்காத வேரைக் கண்டவன்

சுங்கை பாக்காப் தோட்டத்திலிருந்து நாலாம் வகுப்போடு இந்தத் தீவுக்கு வந்தவன் நான். குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் செடி நர்சரி போட்டேன். வெள்ளம் இரண்டு தடவை வழித்துக்கொண்டு போனது. தரையை உயர்த்தி மறுபடி கட்டினேன். இன்று இங்கே பாதி வீட்டுக் கறிவேப்பிலை என் கையில் முளைத்தது. எவனும் தூக்கிவிடவில்லை.

நாற்றை மாற்றி நடும்போது ஆணிவேரின் நுனியை நகத்தால் கிள்ளிவிடுவேன். சில நாளில் பக்கவேர் கொத்தாகக் கிளம்பும். ஆனால் நான் வருஷாவருஷம் விதை எடுத்துவந்த ஒரு மிளகாயில் மட்டும், பத்து நாற்றுக்கு இரண்டு, எப்படிக் கிள்ளினாலும் எலிவால் மாதிரி ஒற்றை வேராகவே நிற்கும். மற்றவன் என்றால் தூக்கி எறிந்திருப்பான். நான் ஒன்றைத் தனியாக வைத்து, வேளை தவறாமல் தண்ணீர் காட்டிக் காய்க்க வைத்தேன்.

கெலுகோர் பல்கலைக்கழகத்தில் செடிகளை ஆராயும் டாக்டரம்மா ஒருத்தர் ரோஜா வாங்க வந்தபோது அதைக் காட்டினேன்.

"அண்ணே, இதை எனக்குத் தர்றீங்களா? யார் கொடுத்ததுன்னு எழுதிக்கிறேன். பேரு சொல்லுங்க."

"பேரெல்லாம் எதுக்குலா? டத்தோ கிராமாட்ல யாரைக் கேட்டாலும் என்னைத் தெரியும்."

அன்றைக்குச் செடியைக் கொடுத்தபோதே பெயரையும் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மூன்று வருஷம் கழித்து அந்த அம்மா பத்திரிகையில் நிற்கிறார். வெள்ளைக் கோட்டு, கையில் என் செடி. ஆக்சின் என்ற ஹார்மோன் கொழுந்திலிருந்து இறங்கி வேரைக் கிளைவிடச் சொல்லுமாம். இந்தச் செடியில் ஒரு மரபணு கெட்டுப்போனதால், வேர் அதைக் கேட்பதே இல்லையாம். செடி கிடைத்த இடம், 'உள்ளூர் நர்சரி ஒன்று'.

மறுநாள் ஒருத்தர் என் கடைக்கே வந்து, "அங்கிள், அந்த டாக்டர் கண்டுபிடிச்ச மிளகாய் இருக்கா?" என்றார். ராத்திரி வீட்டில் அதைச் சொல்லிப் புலம்பினேன்.

"அவங்க படிச்சவங்க, கண்டுபிடிச்சாங்க. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?" என்றாள் மனைவி.

எரியத்தான் செய்யும். நான் காட்டியிராவிட்டால் அவர் ரோஜாவை வாங்கிக்கொண்டு காரில் ஏறியிருப்பார்.

மரபணு அவர் கண்டது, அவரே வைத்துக்கொள்ளட்டும். கிளைக்காத வேரை முதலில் கண்டவன் நான். அடுத்து எழுதும்போது 'உள்ளூர் நர்சரி'யை அடித்துவிட்டு என் பெயரை, என் அப்பா பெயரோடு, முழுசாகப் போட வேண்டும். அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். அவர் பெயருக்குப் பக்கத்திலேயே போட வேண்டும்.