நான் கூட்டிச் சொன்ன இருபத்தொரு ராத்தல்

1943 ஆகஸ்ட் 12. டோக்கியோ நேரப்படி காலை ஒன்பது பத்து. எங்கள் பழைய நேரத்துக்கு ஏழு நாற்பது. தூறல். ஜப்பான்காரன் பிடித்திருந்த மலாயாவில், மந்தினுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். அன்று அரிசிப் பங்கீட்டு நாள். ஸ்டோர் வாசலில் ஐம்பத்தாறு பேர் நின்றார்கள். நான் தோட்டத்துக் கிராணி. அரிசியை நிறுத்துக் கணக்கெழுதுவது என் வேலை. ஸ்டோர் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், மற்றது ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம்.

மூட்டைக்கு ஆறு ராத்தல் குறைவாகவே அரிசி வந்துகொண்டிருந்தது. சொன்னால் ஜப்பானியத் துரை அறைவான் என்று பயந்து, குறைவை எல்லார் பங்கிலும் பிரித்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஸ்டோரில் யாரோ அரிசி திருடுவதாகத் தோட்டத்தில் பேச்சு.

மண்டோருக்கு நான்கு மாதமாக வேறொரு வேலை: ஜப்பான்காரன் போடும் சியாம் ரயில் பாதைக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது. அங்கே போனவர் திரும்புவது அரிது. ஆள் குறைந்தால் அவரே போகவேண்டும். ஆள் ஏற்ற வரும் லாரிச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். தூக்கம் கிடையாது. தின்றது எங்களைப் போல மரவள்ளிதான். ஆனாலும் முகம் உருண்டு, வயிறு முன்னே வந்திருந்தது. கைகால் சூம்பியதை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

வரிசையில் நின்ற பால்மரம் வெட்டும் பெண் கேட்டாள்: "என்னா மண்டோரே, எங்களுக்கெல்லாம் எலும்பு எண்ணலாம் போல இருக்கு. உங்களுக்கு எத்தன மாசம்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கிராணியாரே, புதுத் தராசு வந்தப்ப எல்லாரையும் நிறுத்து எழுதினீங்கல்ல? இப்ப என்னைய ஏத்துங்க. கூடியிருந்தா நான் திருடன்."

1941இல் அவர் எடை நூற்று முப்பத்தெட்டு ராத்தல். ரப்பர் ஷீட் நிறுக்கும் அந்தத் தராசில் ஏறி நின்றார். முள் நூற்று முப்பத்தொன்றில் நின்றது. ஏழு ராத்தல் குறைவு. இரண்டு முறை பார்த்தேன். பிறகு கூட்டத்தைப் பார்த்தேன். அவர் திருடன் இல்லையென்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சாவி.

"நூத்தி அம்பத்திரண்டு" என்றேன்.

அவருக்கு எண் வாசிக்கத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். "கிராணியாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். குரலில் கோபமே இல்லை. தன் உடம்பின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பதினொரு நாளில் மண்டோர் வேலை போயிற்று. அடுத்த லாரியில் அவரையே ஏற்றினார்கள்.

எனக்கு அறுபத்து நான்கு வயதில் அதே வயிறு, அதே உருண்ட முகம் வந்தது. சிரம்பான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ரொம்ப நாளா எதையாவது நெனச்சுப் பயப்படுறீங்களா?" நாள்பட்ட பயத்தில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் ஓயாமல் சுரக்கும், சிலருக்குக் கைகால் சதை கரைந்து, வயிற்றிலும் முகத்திலும் கொழுப்பு சேரும், எடை குறைந்தாலும் ஆள் பருத்தது போலத் தெரியும் என்றார். தராசு அதை அன்றைக்கே சொல்லியிருந்தது.

அதற்கு வெகு காலம் முன்பே, போர் முடிந்து மண்டோர் திரும்பி வந்தார். தராசைப் பார்த்ததும் தானாகவே ஏறினார். தொண்ணூறு.

"எவ்ளோ போச்சு கிராணியாரே?"

ஐம்பத்தாறு பேரும் இல்லை, துரையும் இல்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"அறுபத்திரண்டு" என்றேன்.

சரியான கணக்கு நாற்பத்தொன்று.